இல்லத்தில் அறையைப் பார்க்கிறோம், வேனை யார் பார்ப்பது?

2025 ஜூன் 9ஆம் தேதி அதிகாலை, கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் ஓட்டுநரும் பயணிகளும் இருக்கைப் பட்டை அணிவது கட்டாயமானது. மீறினால் 300 ரிங்கிட் அபராதம். பேருந்துகள், லாரிகள், பள்ளி வேன்கள் எனப் பல வாகனங்களின் பாதுகாப்பு பற்றி நாடு முழுவதும் பேச்சு எழுந்தது.

அந்தப் பேச்சில் அதிகம் இடம்பெறாத ஒரு வாகனம் முதியோர் இல்லத்தின் வேன்.

விடிகாலையில் மருத்துவமனைக்குக் கிளம்பி, மதியம் தாண்டித் திரும்புகிற வாகனம் அது. அதில் ஏறுகிறவர்கள் தாங்களாகப் பட்டையை மாட்டிக்கொள்ள முடியாதவர்கள். பிரேக் போட்டால் முன்கம்பியைப் பிடிக்கக் கையில் வலுவில்லாதவர்கள். சிலருக்கு எங்கே போகிறோம் என்பதே நினைவில் நிற்பதில்லை. நாட்டின் சாலைகளில் மற்றவரை முழுமையாக நம்பி ஏறுகிற பயணிகள் யார் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்து இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கப் போகும் குடும்பம் வழக்கமாகப் பார்ப்பது அறை, கட்டில், கழிவறை, சாப்பாடு, மாதக் கட்டணம். வாசலில் நிற்கும் வேனின் கதவைத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

பயணங்கள் ஏன் கூடின

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் 5 விழுக்காடாக இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 6.8 விழுக்காடானது. தமிழர் குடும்பங்களில் இந்த முதுமையோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்து வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் தோட்ட டிரஸ்ஸர் வந்து பார்த்த காலம் முடிந்தது. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில், மின்தூக்கி இல்லாத வீட்டில், படுத்த படுக்கையான தாயைத் தனியாக வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் இல்லத்தின் கதவைத் தட்டியவர்கள் பலர்.

நோயும் பயணத்தைக் கூட்டுகிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு முற்றினால் சிறுநீரகம், கண், கால் என ஒவ்வொன்றாகப் பாதிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளினிக், ஒரு தேதி, ஒரு பயணம். நாட்டில் இரத்தச் சுத்திகரிப்பு சிகிச்சை பெறுவோர் 50,000க்கும் மேல்.

சுத்திகரிப்புக்கு வழக்கமாக வாரம் மூன்று முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு 156 முறை. போக ஒன்று, வர ஒன்று என்றால் 312 பயணங்கள். அப்படி ஐந்து பேர் உள்ள ஓர் இல்லம் ஆண்டுக்கு 1,560 முறை ஒரு முதியவரை வேனில் ஏற்றி இறக்குகிறது. மருத்துவமனைத் தேதிகள், பல் கிளினிக், கோயில், விருந்து எல்லாம் இதற்கு மேல்.

இத்தனை முறை நடக்கும் ஒரு வேலைக்கு எழுதி வைத்த நடைமுறை உண்டா என்பதுதான் கேள்வி.

கட்டடத்துக்குச் சட்டம், வண்டிக்குச் சட்டம், நடுவில் யார்?

மலேசியாவில் முதியோர் இல்லங்களை இரண்டு அமைச்சுகள் பார்க்கின்றன. நான்கு பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ தங்கிப் பராமரிக்கப்படும் இடம் 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், அதாவது சட்டம் 506இன் கீழ், சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். தாதியர் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளை வைத்திருக்கும் தனியார் தாதிமை இல்லம் 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் சுகாதார அமைச்சிடம் உரிமம் பெற வேண்டும். அது சட்டம் 586.

இந்த இரட்டை நிலையைச் சீராக்கத்தான் 2018இல் தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புச் சட்டம், சட்டம் 802, அரசிதழில் வெளியானது. ஆனால் வெளியான பிறகும் பல ஆண்டுகள் அது அமலுக்கு வரவில்லை. இதற்கிடையே, எந்தப் பதிவும் இல்லாமல் தாமான் வீடுகளில் இயங்கும் இல்லங்கள் இருப்பதை அதிகாரிகளே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவுக்காக அதிகாரிகள் வரும்போது முக்கியமாகப் பார்ப்பது கட்டடத்தை: தீயணைப்புக் கருவி, வெளியேறும் வழி, கட்டில்களுக்கு இடையே உள்ள இடைவெளி, சமையலறைச் சுத்தம், பணியாளர் எண்ணிக்கை. சாலையில் வேனை நிறுத்தும் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரி பார்ப்பது வாகன வரி, காப்புறுதி, டயர், ஓட்டுநர் உரிமம். உள்ளே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு மறதி நோய் இருக்கிறதா, அவரோடு வந்தவர் யார், சக்கர நாற்காலி எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்பது அவருடைய அன்றாட வேலையில் வராது. மருத்துவமனை ஊழியருக்கோ முதியவர் முகப்புக்கு வந்து எண் எடுத்த பிறகுதான் பொறுப்பு தொடங்குகிறது.

ஆக, இல்லத்தின் வாசல்படியிலிருந்து மருத்துவமனை முகப்பு வரை உள்ள தூரம் ஓட்டுநரின் நல்ல மனத்தை நம்பியே ஓடுகிறது.

காப்புறுதியிலும் இதே ஓட்டைதான். தனியார் வாகனங்களுக்கான காப்புறுதியில் பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு தானாகச் சேர்வதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்தித் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. இல்லத்தின் வேன் யார் பெயரில் இருக்கிறது, எந்த வகைக் காப்புறுதி என்பது விபத்து நடந்த பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவந்தால், அது காலம் கடந்த தகவல்.

ஒரு பயணத்தில் எங்கெங்கே ஆபத்து

முதல் ஆபத்து வேன் நகர்வதற்கு முன்பே தொடங்குகிறது. சாதாரண வேனின் படி உயரமானது. முட்டி மடக்க முடியாதவரை இரண்டு பக்கமும் அக்குளில் பிடித்துத் தூக்கி ஏற்றுவது பல இடங்களில் பழக்கம். அப்படித் தூக்கும்போது தோள்மூட்டு விலகலாம். கால் வழுக்கினால் தூக்குபவரும் சேர்ந்து விழலாம். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 684,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்றும், 60 வயதைத் தாண்டியவர்களே அதில் அதிகம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அகலமான, வழுக்காத ஒரு துணைப்படியும், இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொள்ளும் ஒரு வாரும் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். இரண்டுமே விலை அதிகமில்லாத பொருள்கள்.

இரண்டாவது, சக்கர நாற்காலி. நாற்காலியோடு சேர்த்து வேனில் ஏற்றி, அதன் பிரேக்கை அழுத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த பிரேக் தரையில் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத உடலுக்கு ஏற்படும் அடி ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம்.

முறைப்படி என்றால் நாற்காலி வண்டி போகும் திசையை நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் வைக்கக் கூடாது. நாற்காலியின் நான்கு மூலைகளையும் வேனின் தரையோடு பட்டையால் இறுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்குத் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் தனிப் பட்டை வேண்டும். நாற்காலியை மட்டும் கட்டி மனிதரைக் கட்டாமல் விடுவதும், மனிதரை மட்டும் கட்டி நாற்காலியை விடுவதும் பாதி வேலைதான். இதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 10542 என்ற அனைத்துலகத் தரநிலை உள்ளது. வாகனத்தில் இருக்கையாகப் பயன்படும் நாற்காலிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 7176இன் 19ஆம் பகுதி உள்ளது. இல்லங்களில் சாதாரணமாகக் காணப்படும் மடக்கு நாற்காலிகள் அந்தச் சோதனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் முடிந்தவரை முதியவரை வேனின் இருக்கைக்கு மாற்றி, பட்டை போட்டு, நாற்காலியை மடித்துத் தனியாகக் கட்டி வைப்பதே பாதுகாப்பு. கட்டாமல் கிடக்கும் ஆக்சிஜன் உருளையும் நடைக்கோலும் திடீர் பிரேக்கில் மனிதர்மேல் பாயும் பொருள்களாகிவிடும்.

மூன்றாவது, வண்டிக்குள் விட்டுச் செல்வது. இரண்டு பேரைக் கிளினிக்கில் இறக்கப் போகும் ஓட்டுநர், மூன்றாமவரை "ரெண்டு நிமிஷம் இருங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வேனிலேயே விடுகிறார். வரிசை நீள்கிறது. வெளியே 32 பாகை வெயிலில் மூடிய வாகனத்தின் உள்ளே பத்து நிமிடத்தில் வெப்பம் 43 பாகையைத் தொடும். அரை மணி நேரத்தில் 50ஐத் தாண்டும். முதியவர்களுக்கு வியர்வை குறைவு, தாகம் தெரிவதும் குறைவு. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் இன்னும் சீக்கிரம் மயங்குவார். ஜப்பானில் பாலர்பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் மறக்கப்பட்டு இறந்ததை அடுத்து, 2023 ஏப்ரல் முதல் அத்தகைய பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இன்ஜினை நிறுத்தியதும் மணி ஒலிக்கும். ஓட்டுநர் கடைசி இருக்கை வரை நடந்து போய்த்தான் அதை நிறுத்த முடியும். கருவி வாங்க வசதி இல்லாத இல்லமும் அந்த நடையை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளலாம். ஏறும்போது பெயர் சொல்லி எண்ணுவது, இறங்கிய பின் கடைசி இருக்கை வரை போய்ப் பார்த்துக் கையெழுத்திடுவது; இரண்டுக்கும் பணம் தேவையில்லை.

நான்காவது, மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம். 2018 தேசிய சுகாதார ஆய்வு, நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று கண்டது. கூட்டமும் சத்தமும் அவர்களை மிரள வைக்கும். "வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நடப்பார்கள். அவர்கள் மனத்தில் உள்ள வீடு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இடிக்கப்பட்ட லயமாக இருக்கலாம். கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன், சிரம்பான் துவாங்கு ஜாபார் போன்ற பெரிய மருத்துவமனைகளில் வாசல்கள் பல. உடன் வந்தவர் மருந்து வாங்கும் வரிசையில் நிற்கும்போது ஒருவர் வெளியே போய்விட்டால், அந்தப் பக்கம் பரபரப்பான சாலை.

ஐந்தாவது, திரும்பும் வழி. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்று காலைச் சாப்பாடு இல்லாமல் கிளம்பிய நீரிழிவு நோயாளிக்கு மதியம் வரை ஒன்றும் கொடுக்காவிட்டால், சர்க்கரை இறங்கி வேனிலேயே மயக்கம் வரும். சுத்திகரிப்பு முடிந்த உடனே எழுந்து நிற்பவருக்கு இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். போகும்போது நடந்து ஏறியவர் வரும்போதும் நடந்து ஏறுவார் என்று நினைப்பது தவறு. ஓட்டுநர் ஒருவரே தனியாக வந்திருந்தால், சாலையைப் பார்ப்பதா பின்னால் சரிந்து விழுபவரைப் பார்ப்பதா?

மொழி தெரிந்த ஒருவர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பல முதியவர்களுக்குத் தமிழ் மட்டுமே சரளம். மலாய் சந்தைக்கு உதவும் அளவுக்குத்தான் தெரியும். இல்லங்களில் பணிபுரிபவர்களில் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் கணிசமாக உள்ளனர். "நெஞ்ச அடைக்குது", "மயக்கமா வருது", "கால் மரத்துப் போச்சு" என்ற மூன்றும் உடன் வந்தவர் காதில் ஒரே முனகலாக விழுந்தால், மருத்துவரிடம் போய்ச் சேரும் செய்தியும் அப்படித்தான் இருக்கும்.

எல்லாப் பயணத்துக்கும் தமிழ் தெரிந்த துணையாளர் கிடைக்க மாட்டார். ஆனால் ஓர் அட்டை கிடைக்கும். பெயர், மைகார்டு எண், நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, நடக்க முடியுமா, விழுங்குவதில் சிரமம் உண்டா, பேசும் மொழி, வாரிசின் தொலைபேசி எண், இல்லத்தின் எண். இவற்றை மலாயில் எழுதிக் கழுத்திலோ பையிலோ வைத்தால், அந்த முதியவர் தமிழில் மட்டும் பேசினாலும் அவசரப் பிரிவு அவரை அடையாளம் கண்டுகொள்ளும். உடன் வராத பிள்ளை அன்று காலை தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்து மருத்துவரிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் பெரிய உதவி.

இல்லம் நடத்துபவரின் கணக்கு

இந்தக் குறைகளுக்கெல்லாம் இல்லம் நடத்துபவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. சிறு இல்லம் ஒன்றில் ஓட்டுநர்தான் சாமான் வாங்குபவர், தோட்ட வேலை பார்ப்பவர், இரவுக் காவலர் எல்லாம். துணையாளர் ஒருவர் மருத்துவமனைக்குப் போனால் இல்லத்தில் மீதி இருப்பவர்களைப் பார்க்க ஆள் குறையும். சக்கர நாற்காலி ஏற்றும் மின்தூக்கி பொருத்திய வேன் சிறு இல்லத்தின் வருமானத்துக்கு எட்டாது. தனியார் ஆம்புலன்ஸை ஒருமுறை அழைத்தாலே சில நூறு ரிங்கிட் ஆகும். 999க்கு அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் அவசரத்துக்கானது. மாதாந்திரக் கிளினிக் தேதிக்கு அதைக் கூப்பிட முடியாது.

மாதக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மன்றாடும் குடும்பங்களும் உண்டு, மூன்று மாதமாகக் கட்டணமே கட்டாத குடும்பங்களும் உண்டு. வசதியற்ற முதியவர்களுக்கான மாத உதவித்தொகையை அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தியது. ஆதரவற்றோருக்கு ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் உள்ளன. ஆனால் அவை 60 வயதைத் தாண்டிய, தன்னைத்தானே கவனித்துக்கொள்ளக்கூடியவர்களுக்கானவை. படுக்கையில் இருக்கும் தாயை மலிவாக வைத்துக்கொள்ள இடம் தேடும் குடும்பத்துக்குக் கடைசியில் கிடைப்பது ஆள் குறைந்த இல்லம். அங்கே வேனும் பழையதாகத்தான் இருக்கும்.

அதனால்தான் இது இல்லங்களுக்குச் சம்மன் அனுப்பி முடிகிற காரியமாகத் தெரியவில்லை. பயணத்துக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்று வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் இதற்கு ஒரு வழி தெரிகிறது. சிங்கப்பூரில் அவசரமில்லாத மருத்துவப் போக்குவரத்தும் 2020ஆம் ஆண்டு சுகாதாரச் சேவைகள் சட்டத்தின் கீழ் உரிமம் பெற வேண்டிய தனிச் சேவை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அங்கே உடனிருந்து, திரும்பக் கொண்டுவந்து விடும் துணையாளர்-போக்குவரத்துச் சேவையும் அங்கே உண்டு; தகுதி உள்ள குடும்பங்களுக்கு அரசு மானியம் கிடைக்கிறது. சிங்கப்பூரின் பணமும் பரப்பளவும் வேறு. ஆனால், பயணமும் பராமரிப்பின் ஒரு பகுதி என்று சட்டத்தில் எழுதி வைத்ததைப் பின்பற்றப் பணம் ஒரு தடையாகாது.

விருந்துக்கு அழைக்கும் முன்

முதியோர் இல்லத்தின் பயணங்களில் ஒரு பங்கு நம்மவர்களின் நல்லெண்ணத்தால் நடப்பது. தீபாவளி வந்தால் இயக்கங்களும் கோயில்களும் அரசியல் கட்சிக் கிளைகளும் இல்லவாசிகளை விருந்துக்கு அழைக்கின்றன. வேட்டி சேலை, அன்பளிப்பு உறை, மேடையில் படம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு அழைத்துப் போவதைப் புண்ணியமாகக் கருதுபவர்களும் உண்டு. ஆண்டு முழுவதும் நான்கு சுவரைப் பார்த்த முதியவருக்கு அந்த ஒருநாள் மகிழ்ச்சி மிகப் பெரியது. அதைத் தடுக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் ஏற்பாட்டாளர்கள் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் குழு போடுவதைப் போல் பயணத்துக்குக் குழு போடுவதில்லை. பள்ளிப் பேருந்து ஒன்றை ஏற்பாடு செய்வதோடு வேலை முடிந்துவிடுகிறது. பிரமுகர் வரத் தாமதமானால் வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. மதிய மாத்திரை இல்லத்திலேயே கிடக்கும். நீரிழிவு உள்ளவர் தட்டில் மூன்று லட்டு. கழிவறைக்குப் போக இருபது படி.

விருந்து வைப்பவர்கள் சில காரியங்களை முன்கூட்டியே செய்யலாம். யார் யார் வருகிறார்கள், யார் நடப்பார்கள், யாருக்கு நாற்காலி வேண்டும் என்ற பட்டியலை இல்லத்திடம் கேட்டு வாங்கலாம். தானாக நடக்க முடியாத ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டரைப் பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். மாத்திரை நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை வைத்து, பிரமுகருக்காகக் காக்காமல் பரிமாறலாம். பயணமே வேண்டாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு விருந்தை இல்லத்துக்கே கொண்டுபோகலாம். படம் அங்கேயும் எடுக்கலாம்.

வெள்ளம் வரும் இரவு

அன்றாடப் பயணத்துக்கே நடைமுறை இல்லாத இல்லம், வெள்ளம் வரும் இரவில் என்ன செய்யும்? 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் மட்டம் மளமளவென உயர்ந்து மக்கள் கூரைமேல் ஏறியதைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நடக்கத் தெரிந்தவர்களே தவித்த இரவு அது. படுக்கையில் இருப்பவர்களை எந்த வண்டியில், எந்த வரிசையில், எங்கே கொண்டுபோவது என்பதை நீர் வாசலுக்கு வந்த பிறகு யோசிக்க முடியாது.

அவசர அவசரமாக வண்டி பிடிப்பதன் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் பாடம். 2005 செப்டம்பர் 23ஆம் தேதி, ரீட்டா புயலுக்குத் தப்பி டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரை நோக்கிச் சென்ற பேருந்து ஒன்று நெடுஞ்சாலையில் தீப்பற்றியது. அதில் இருந்தவர்கள் முதியோர் இல்லவாசிகளும் தாதியருமாக 44 பேர். 23 பேர் இறந்தனர். சக்கரத்தின் பேரிங்குக்குப் போதிய மசகு இல்லாமல் சூடேறியதே தீக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. தாங்களாக எழுந்து இறங்க முடியாத பயணிகளாக அவர்கள் இருந்தது உயிரிழப்பைக் கூட்டியது என்றும் விசாரணை அறிக்கை கூறியது. புயலில் அந்த இல்லத்தில் யாரும் சாகவில்லை. பராமரிக்கப்படாத ஒரு சக்கரத்தால் இறந்தார்கள்.

யார் என்ன செய்யலாம்

முதியோருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவது பற்றி மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சு சில காலமாகப் பேசி வருகிறது. சட்டத்திலோ அதன் விதிமுறைகளிலோ பயணத்துக்கென ஒரு பிரிவு இருந்தால் போதும்: ஓட்டுநரைத் தவிர ஒரு துணையாளர், ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர்ப் பட்டியல், நாற்காலியைக் கட்டும் முறை, பயணிகளையும் சேர்த்த காப்புறுதி, வெளியேற்றத் திட்டம். பதிவைப் புதுப்பிக்க வரும் அதிகாரி அறையைப் பார்த்த பிறகு வேனையும் ஐந்து நிமிடம் பார்க்கலாம். மருத்துவமனைகள் ஒரே இல்லத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரே நாளில் தேதி கொடுத்தால் பயணங்கள் குறையும். வெளியே போகும் துணையாளரின் எண்ணிக்கையும் மிச்சமாகும்.

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்கத் தேவையில்லை. இல்லத்தில் சேர்க்கும் நாளிலோ அடுத்த முறை பார்க்கப் போகும்போதோ கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

மருத்துவமனைக்குப் போகும்போது ஓட்டுநரோடு இன்னொருவர் போகிறாரா? அவர் பெயர் என்ன?

வேனில் எல்லா இருக்கைக்கும் பட்டை உண்டா? அது வேலை செய்கிறதா?

சக்கர நாற்காலி எப்படிக் கட்டப்படுகிறது? செய்து காட்ட முடியுமா?

காப்புறுதி உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்துமா?

அம்மாவின் மருந்து விவரமும் வாரிசு எண்ணும் எழுதிய அட்டை பயணத்தில் உடன் போகிறதா?

வெளியே அழைத்துச் செல்லும் முன் குடும்பத்துக்குச் சொல்வார்களா?

கேட்டால் இல்லத்தார் கோபித்துக்கொண்டு பெற்றோரைச் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற அச்சம் பலரிடம் உண்டு. இல்லத்தில் விட்டதே குற்றம் என்று உறவினர் பேசுவதால், அங்கே போய்க் கேள்வி கேட்கும் உரிமையும் தனக்கில்லை என்று கூனிக் குறுகி நிற்கும் பிள்ளைகளும் உண்டு. உண்மையில் நன்றாக நடத்தப்படும் இல்லம் இந்தக் கேள்விகளை வரவேற்கும். பதில் அதனிடம் தயாராக இருக்கும். பதில் இல்லாத இல்லத்தில், அடுத்த கிளினிக் தேதிக்கு ஒருநாள் விடுப்பு எடுத்துத் தானே உடன் போவது பிள்ளையால் முடிகிற காரியம். கண்ணெதிரே ஒருவர் கட்டப்படாத நாற்காலியில் ஏற்றப்பட்டாலோ, வெயிலில் வண்டிக்குள் விடப்பட்டாலோ, இல்லத்தாரிடம் சொல்லியும் பயனில்லை என்றால் 15999 என்ற தாலியான் காசே எண்ணில் சமூக நல இலாகாவிடம் புகார் செய்யலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போகும் குடும்பங்கள், கிளம்பும் முன் வாசலில் நிற்கும் வேனின் கதவைத் திறந்து பார்க்கலாம். பின் இருக்கையின் பட்டையை இழுத்து மாட்டினால் அது 'கிளிக்' என்று பிடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.